கேள்வி நின்ற கோடை

மலையடிவாரத்தில், கால்வாய்க்கு இந்தப் பக்கம், ஓடு வேய்ந்த ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான்கு அறை, ஒரு சமையற்கட்டு, இரண்டு பசு. அதன் குரு தாயம்மாள். குருவுக்கு வயது நாற்பத்தொன்று.

சீடர்களில் ஒருவரான குற்றாலிங்கத்துக்கு வயது நாற்பத்தொன்பது. அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டு முழிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

மே மாதத்தின் நடுவில் ஒரு காலையில் குற்றாலிங்கம் வந்தார். பிப்ரவரிக் கடைசியில் அவர் மனைவி பகவதி இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவர் மடத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. தோள்பையில் தடித்த நோட்டு ஒன்று இருந்தது.

தாயம்மாள் மாட்டுக்குப் புல் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க அண்ணாச்சி. பிள்ள எங்க?”

“பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேம்மா. பிள்ளையப் பத்தித்தான் கேக்க வந்தேன்.”

“கேளுங்க.”

“அவ படிக்கிறத நிறுத்திட்டா.”

இங்கே கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். மகள் நிறைமதிக்குப் பத்து வயது. ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. குற்றாலிங்கமோ பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு நாற்றுப்பண்ணை வைத்தபோது, பிள்ளை வீட்டிலேயே படிக்கட்டும் என்று அவரும் பகவதியும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஊர் சிரித்தது. சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து திட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். இருவரும் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நிறைமதி கேள்வி கேட்டே படித்தாள். எறும்பு தூங்குமா? மாங்காய் புளிக்கும்போது மாம்பழம் ஏன் இனிக்கிறது? பூஜ்யத்தைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்பதை எப்படி எழுதினார்கள்? ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி வரும். பகவதி எதற்கும் பதில் சொல்ல மாட்டாள். “வா, பாப்போம்” என்று எழுந்து நடப்பாள். பிள்ளை பின்னாலேயே ஓடும்.

குற்றாலிங்கம் நடக்க மாட்டார், எழுதுவார். வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்களிடம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. பரீட்சை இல்லை, மார்க்கு இல்லை. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் எதைக் காட்டுவது? அதனால் பிள்ளை செய்வதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைப்பார்கள். ஊறுகாய்க்கு உப்பு அளந்தால் கணக்கு. ஓணானைத் துரத்தினால் அறிவியல். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சண்டை போட்டால் மொழி. வாத்தியார் ஆயிற்றே, குற்றாலிங்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினார்.

“லீவு விட்டேம்மா” என்றார் அவர். “தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் ஏப்ரல்ல லீவு விட்டாங்க. நமக்கும் லீவு உண்டாப்பான்னு கேட்டா. முன்னால எல்லாம் கேட்டா பகவதி சிரிப்பா, நீ என்னைக்குடீ பள்ளிக்கூடம் போன லீவு விடன்னு. இந்த வருசம் நான் சரின்னுட்டேன். புஸ்தகத்தையெல்லாம் எடுத்துப் பரண்ல போட்டேன்.”

“நல்லதுதான.”

“லீவுல பிள்ளைங்க சும்மா இருக்காதும்மா. அது தானா படிக்கும். வாத்தியாரா இருந்தப்ப வருசாவருசம் பாத்திருக்கேன். மதியும் புஸ்தகத்த மூடுன நாள்லதான் அதிகமா படிப்பா. இந்தத் தடவ நின்னு போச்சு. பத்தொம்பது நாளா ஒரு கேள்வி இல்ல. சாப்பிடுதா, தூங்குதா, வாசல்ல உக்காந்திருக்கா. கேட்டதுக்குப் பதில் சொல்லுதா. அவளா ஒண்ணும் கேக்க மாட்டேங்கா.”

“எங்கிட்ட காட்டத்தான் நோட்டக் கொண்டாந்தீங்களா?”

“ஆமாம்மா.” அவர் நோட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். “பாருங்க. எப்படி இருந்த பிள்ளன்னு உங்களுக்கே தெரியும்.”

தாயம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை மடியில் வைத்துப் பிரித்தார். எழுத்து அச்சுப்போல் இருந்தது.

‘பிப்ரவரி 5. மருத்துவமனை. அம்மாவுக்கு ஏறும் டிரிப்ஸ் சொட்டுகளைக் கடிகாரம் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு இருபது. ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்து இருநூறு என்று தானாகவே சொன்னாள். கணக்கு: பெருக்கல்.’

‘மார்ச் 9. அம்மாவின் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நீளத்தில் எட்டாக, அகலத்தில் இரண்டாக. ஒரு மடிப்பு பதினாறில் ஒன்று என்றாள். கணக்கு: பின்னம்.’

‘மார்ச் 29. இந்த வாரம் அம்மாவை நினைத்து நான்கு முறை அழுதாள். சென்ற வாரம் ஒன்பது. மனப்பக்குவம்: நல்ல முன்னேற்றம்.’

‘ஏப்ரல் 26. இந்த வாரம் ஒரு முறையும் அழவில்லை. மனப்பக்குவம்: மிக நன்று.’

அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் தேதி மட்டும் இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ‘கேள்வி இல்லை’ என்று எழுதியிருந்தது.

தாயம்மாள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டியிருந்த மாடு புல்லுக்காகக் கழுத்தை நீட்டியது. அதற்குக்கூட அவர் எழுந்திருக்கவில்லை.

“இந்த நோட்டு அவ கண்ணுல பட்டுச்சா அண்ணாச்சி?”

குற்றாலிங்கம் தலையைச் சொறிந்தார்.

“பட்டிருக்கும்மா. கத்திரிக்கோல் தேட அலமாரியத் திறந்திருக்கா. நோட்டு தலைகீழா இருந்துச்சு. நான் அப்படி வைக்க மாட்டேன்.”

“அது எப்போ?”

“ஏப்ரல் இருபது, இருபத்தொண்ணு இருக்கும்.” சொல்லிவிட்டு அவர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “ஆனா அதுல தப்பா ஒண்ணும் இல்லையேம்மா. பூரா அவளப் பாராட்டித்தான எழுதியிருக்கேன்.”

தாயம்மாள் நோட்டை மூடினார். உள்ளே போய் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“பகவதி எப்படிப் போனா? நான் அன்னைக்கு ஊர்ல இல்ல. எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே.”

அவர் சொல்லத் தொடங்கினார். முதலில் வாத்தியார் குரலில்தான் சொன்னார். எந்த வார்டு, எத்தனாம் படுக்கை, என்ன மருந்து. போகப்போகக் குரல் தேய்ந்தது.

“சாயங்காலம் ஒரு ஊசி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நான் கீழ போயிட்டேன். அங்க கூட்டம். இருபது நிமிசம் ஆயிருச்சு. திரும்பி வாரேன், பிள்ள ஸ்டூல்ல உக்காந்து சொட்டையே பாத்துக்கிட்டு இருக்கா. பகவதி கண்ண மூடியிருக்கா. தூங்குதான்னு நெனச்சேன். கிட்டக்க போயிக் கையத் தொட்டேன். தொட்ட உடனே தெரிஞ்சு போச்சும்மா. பகவதீன்னு கூப்பிட்டேன். பிள்ள என்னயத் திரும்பிக்கூடப் பாக்கல. சத்தம் போடாதீங்கப்பா, எண்ணிக்கை விட்டுப்போகும், நானூத்திப் பதினாறுன்னு சொன்னா. நானூத்திப் பதினேழு. நானூத்திப் பதினெட்டு…”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நாற்பத்தொன்பது வயது மனிதர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தோள் இரண்டும் குலுங்கின. அப்படி அழுது அவருக்கு ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும். அழத் தெரியாதவர் அழுவதுபோல் மூச்சு முட்டி முட்டி வந்தது.

பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது.

அவர் தலையைத் தூக்கினார். தாயம்மாள் எழுதிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா எழுதுதீங்க?”

தாயம்மாள் தாளைப் பார்த்து வாசித்தார்.

“மனைவி இறந்ததைக் கோர்வையாகச் சொன்னார். மொழி, நன்று. எண்களைப் பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறார். கணக்கு, மிக நன்று. நான்கு நிமிடம் அழுதார். அடுத்த முறை குறையும்.”

குற்றாலிங்கத்தின் முகம் கறுத்தது. எழுந்துவிட்டார்.

“செத்தது என் பொண்டாட்டிம்மா.”

“ஆமா அண்ணாச்சி.”

“உங்கள நம்பிச் சொன்னேன். எங்கயும் சொல்லாதத இங்க வந்து சொன்னேன்.”

“ஆமா.”

அவர் செருப்பைக்கூடப் போடாமல் வாசல் வரைக்கும் போனார். வெயில் காலைச் சுட்டது. அங்கேயே நின்றார். திரும்பிப் பார்த்தபோது தாயம்மாள் பென்சிலைக் கீழே வைத்திருந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அந்த நாலு வரியை எழுத அவர் என்ன பாடு பட்டாரோ, அது எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் கஷ்டம்தான்.

“நீங்க எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டீங்க அண்ணாச்சி” என்றார் அவர். “பத்து வயசுப் பிள்ள எங்க போகும்?”

குற்றாலிங்கம் திரும்பி வந்தார். நோட்டை எடுத்துப் பையில் போட்டார். சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிடவில்லை.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த நோட்டைக் கிழித்துப் பண்ணையின் உரக்குழியில் போட்டார். மேலே சாணமும் சருகும் தள்ளி மூடினார். நிறைமதி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா இனிமே எழுத மாட்டேன் மதி. எழுதுனது தப்பு.”

“சரிப்பா.”

“நீ என்ன வேணும்னாலும் கேக்கலாம்.”

“சரிப்பா.”

அவ்வளவுதான். அவள் உள்ளே போய்த் தட்டைக் கழுவி வைத்தாள்.

மன்னிப்புக் கேட்ட கையோடு பலனை எதிர்பார்ப்பது வாத்தியார்களுக்கு உள்ள வியாதி. மறுநாளிலிருந்து குற்றாலிங்கம் கேள்விக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். காத்திருந்தால்கூடப் பரவாயில்லை, தூண்டில் போட்டார். ஒட்டிப்பிறந்த இரட்டைப் பப்பாளி ஒன்றைப் பறித்துக் கூடத்தில் வைத்தார். நிறைமதி அதை நறுக்கி இரண்டு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். காந்தத்தை ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் மறந்ததுபோல் வைத்தார். அவள் ஊசிகளைப் பிரித்து எடுத்துவிட்டு, காந்தத்தை இருந்த இடத்தில் வைத்தாள். கடைசியில் தோட்டத்தில் கிடந்த பாம்புச் சட்டையைக் கொண்டுவந்து வாசற்படியில் போட்டார். முழு நீளம், கண் இருந்த இடம்கூடத் தெரிந்தது. போன வருடமாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் ஓடியிருக்கும்.

நிறைமதி அதைத் தாண்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் குற்றாலிங்கத்துக்கு உண்மையிலேயே பயம் வந்தது. படிப்பு போனால் போகிறது. இந்த வீட்டில் மிச்சம் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருத்தி இன்னொருத்தரிடம் இனிமேல் எதுவுமே கேட்கப் போவதில்லை என்றால், இத்தனை பெரிய வீட்டில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மகளையும் அழைத்துக்கொண்டு மடத்துக்குப் போனார்.

மடத்தில் அப்போது வருடத்துப் புளி உடைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. சமையற்கட்டுக்குப் பின்னால் வேம்பு நிழலில் சாக்கை விரித்து, சமையல் பார்க்கும் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது தாண்டியவள். புருஷனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள். நாள் முழுக்கப் பேசுவாள், யாரும் கேட்கவில்லை என்றால் புளியோடு பேசுவாள்.

“ஏட்டி தாயி, சும்மா நிக்காம வந்து ஒரு கை போடு” என்றாள் நிறைமதியைப் பார்த்து.

நிறைமதி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டியதும் போய் உட்கார்ந்தாள்.

தாயம்மாள் குற்றாலிங்கத்திடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. “தொழுவத்துக் கூரையில நாலு ஓடு சரிஞ்சிருக்கு அண்ணாச்சி. கொஞ்சம் ஏறிப் பாருங்க” என்றார். அவர் ஏறி ஓட்டைச் சரிசெய்தார். பத்து மணிக்குத் தொடங்கிய வேலை முடிய உச்சி வெயில் வந்துவிட்டது. மகளைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று இறங்கிச் சமையற்கட்டைச் சுற்றிக்கொண்டு போனார். சுவர் முனைக்கு வந்ததும் கால் நின்றது.

நிறைமதியின் குரல் கேட்டது.

“பெரியம்மா, புளியங்கொட்டை மட்டும் ஏன் இப்படி வழவழன்னு இருக்கு?”

“எனக்கென்னட்டி தெரியும்? எண்ண தேச்சுக் குளிச்சிருக்கும்.”

“உலுக்குனா மரத்துக்கு வலிக்குமா?”

“நாளைக்குப் போயி நீயே கேளு.”

“ஒரு கொட்டைய நட்டா எத்தன வருசத்துல காய்க்கும்?”

“நான் செத்தப்புறம்.”

“ஒங்களுக்குச் சாகுறதுன்னா பயமா இல்லையா?”

“பயந்தா விட்டுருமாக்கும்? கொட்டைய அந்தப் பக்கம் தள்ளு.”

குற்றாலிங்கம் சுவரில் சாய்ந்துகொண்டார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ரெண்டு, மூணு, நாலு என்று தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தவர், அது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் சந்தோஷம்தான். பிள்ளை கேட்கிறாள். எதுவும் நின்றுபோகவில்லை. முன்னே போய் அவளைத் தூக்கிக்கொள்ளலாமா என்று ஒரு அடி வைத்தார்.

அப்போது நிறைமதி மெதுவாகக் கேட்டாள்.

“பெரியம்மா, எண்ணிக்கிட்டே இருந்தா வேற சத்தம் காதுல விழாதா?”

“என்னத்த எண்ணிக்கிட்டு?”

“எதையாச்சும். சொட்டு மாதிரி.”

சொர்ணத்தின் கை நின்றது.

“அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏறுச்சு. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். நான் பாத்துக்கிட்டே இருந்தா அது நிக்காதுன்னு நெனச்சேன். அப்பா வந்து சொல்லுத வரைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா என்னயக் கூப்பிட்டிருப்பாங்களோ? நான் எண்ணிக்கிட்டே இருந்ததுல எனக்குக் கேக்காமப் போயிருக்குமோ?”

இந்தக் கேள்வியை ஒரு பத்து வயதுப் பிள்ளை மூன்று மாதமாகத் தனியாகச் சுமந்திருக்கிறது. அதே மூன்று மாதமும் அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து பெருக்கல் என்றும் பின்னம் என்றும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

“எனக்குத் தெரியாது தாயி” என்றாள் சொர்ணம். எதற்கும் பதில் வைத்திருப்பவள், இதற்குப் பொய் சொல்லவில்லை. “எனக்கு நெசமாவே தெரியாது. இங்க வா.”

புளிக்கையோடு பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நிறைமதி அழுதாள். அம்மா அம்மா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மடத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த தாயம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

கொஞ்சம் அடங்கியதும் சொர்ணம் கேட்டாள்.

“இத்தனையும் நெஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டா இருந்த? வீட்டுல அழ மாட்டியாட்டி?”

“அழுவேன் பெரியம்மா. மோட்டார் ஓடுதப்ப.”

“மோட்டாரா?”

“தோட்டத்து மோட்டார். அது ஓடுதப்ப அழுதா யாருக்கும் கேக்காது. அத நிறுத்துததுக்குள்ள அழுது முடிச்சிரணும்.”

குற்றாலிங்கம் முன்னே போகவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தார். தொழுவத்துக்குப் பக்கத்தில் தாயம்மாள் நின்றிருந்தார். குற்றாலிங்கம் குருவின் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கேட்டீங்களாம்மா?”

“கேட்டுச்சு அண்ணாச்சி.”

“மூணு மணி நேரம் ஆகல, அந்தம்மாவப் பாத்து. அவங்க மடியில விழுந்து அழுதா. பெத்தவன் எங்கிட்ட ஒரு மாசமா ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல.”

தாயம்மாளும் எதிரே உட்கார்ந்தார்.

“நோட்டத்தான் கிழிச்சுப் போட்டுட்டேனேம்மா. நோட்டப் பாத்துப் பயந்தான்னா அது வேற. இது என்னம்மா, மோட்டார் சத்தத்துல ஒளிஞ்சு அழுத புத்தி? பத்து வயசுப் பிள்ளைக்கு இத யாரு சொல்லிக் குடுத்தா?”

“மோட்டார யாரு போடுவா?”

“நான்தான்.”

“எப்போ?”

“சாயங்காலம். நாத்துக்குத் தண்ணி பாய்ச்ச.”

“தெனமுமா?”

“தெனமும்.”

“போன செவ்வாக்கிழம மழ கொட்டுச்சே. தெருவுல முழங்கால் தண்ணி போச்சு. அன்னைக்கும் போட்டீங்களா?”

குற்றாலிங்கம் மண்ணில் கிடந்த ஓட்டுச் சில்லு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

“போட்டேன்” என்றார் கடைசியில்.

“போட்டுட்டு?”

“மோட்டார் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டு…” அவர் சில்லைக் கீழே போட்டார். “பிள்ள பயந்துரக் கூடாதுன்னுதாம்மா. அவ முன்னால நான் ஒரு நாளும் அழுததில்ல. அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் ஒரு வார்த்த சொன்னதில்லையேம்மா. பின்ன இத அவ எங்க போயிப் படிச்சா?”

“வீட்டுலதான அண்ணாச்சி படிக்கா” என்றார் தாயம்மாள்.